நிலாவில் ஏன் ஓட்டை விழவில்லை?



போன மாதம் அக்கா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. திறந்தால், அத்தானுடைய பழைய ரஷ்ய லென்ஸ். எம்.டி.ஓ-500. கூடவே அவருடைய ஜெனிட்-ஈ கேமரா. அத்தான் ஸ்டூடியோ வைத்திருந்ததும், கல்யாண வீடுகளுக்கு அவரோடு நான் லைட் பிடிக்கப் போனதும் உறவுகளுக்குத் தெரியும். 'உனக்குத்தான் இதெல்லாம் புரியும், எடுத்துட்டுப் போ' என்றாள் அக்கா.

இந்த லென்ஸை என் மாணவர்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். 1986, ஹாலி வால்நட்சத்திரம் வந்த சமயம். அத்தானிடம் இரவல் வாங்கி வகுப்புக்குக் கொண்டு வந்து காட்டினேன். ஜன்னலோரம் உட்காரும் ஒரு பையன் அதன் முகப்பை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: 'சார், நடுவுல கறுப்பா வட்டமா அடைச்சிருக்கே, அப்ப நிலாவைப் படம் எடுத்தா நடுவுல ஓட்டை விழாதா?'

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. 'முந்திரிக்கொட்டை மாதிரி கேக்காதே, உட்காரு' என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

முதலில் லென்ஸின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

திமித்ரி மக்சூத்தவ் 1896-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சொந்தமாகத் தொலைநோக்கி செய்த பையன். பதினைந்து வயதில் ருஷ்ய வானியல் கழகத்தில் உறுப்பினர். பிறகு லெனின்கிராடில் அரசு ஒளியியல் நிறுவனத்தில் வேலை. 1941-ல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது அந்த நிறுவனத்தை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். ரயில் பயணத்தில் மக்சூத்தவ் யோசித்துக்கொண்டு போனது எதைப் பற்றி என்கிறீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு ஒரு மலிவான தொலைநோக்கி செய்வதைப் பற்றி!

பிள்ளைகள் கையில் கொடுத்தால் திறந்து கிடக்கும் ஆடியில் தூசியும் விரலும் படும். முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து மூடலாம். எப்படியும் கண்ணாடி வைக்கப் போகிறோம், அது ஏன் தட்டையாக இருக்க வேண்டும்? கிண்ணம்போல் வளைந்த, தடித்த கண்ணாடியாக வைத்தால் என்ன?

பத்தாம் வகுப்புப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? கோள வடிவக் குழியாடி ஒளிக்கதிர்களை ஒரே புள்ளியில் சேர்க்காது. ஓரக் கதிர்கள் முன்னாலேயே குவிந்துவிடும். கோளப் பிறழ்ச்சி. பரவளைய ஆடியில் இந்தக் கோளாறு இல்லை, ஆனால் அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. மக்சூத்தவின் வளைந்த கண்ணாடி எதிர்த்திசையில் அதே அளவு பிழை செய்யும். இரண்டும் கழிந்து படம் தெளிவாகிவிடும். எல்லாப் பரப்பும் கோளம் என்பதால் தயாரிப்பதும் எளிது. அதே காலகட்டத்தில் ஹாலந்தில் ஆல்பர்ட் பௌவர்ஸ் என்பவரும் தனியாக இதை ஒட்டிய வழியைக் கண்டுபிடித்தார். போர்க்காலத்தில் ஒருவர் செய்தது மற்றவருக்கு எங்கே தெரியப்போகிறது!

அதே லெனின்கிராடில்தான் யாக்கவ் பெரெல்மானும் இருந்தார். சோவியத் புத்தகக் கண்காட்சியில் சல்லிசாக வாங்கி வந்து வகுப்பில் வாசித்துக் காட்டுவேனே, பொழுதுபோக்கு பௌதிகம், அதை எழுதியவர். அவர் வெளியேறவில்லை. முற்றுகையில் பசியால் 1942 மார்ச்சில் இறந்துபோனார். இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே யோசித்தவர்கள்.

போர் முடிந்தபின் அந்தத் தொலைநோக்கி யோசனைதான் கேமரா லென்ஸானது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் எம்.டி.ஓ வரிசைக்குப் பெரும்பரிசு கிடைத்தது. ஒளி உள்ளே போய்ப் பின்னால் உள்ள பெரிய ஆடியில் பட்டு, முன்னால் நடுவில் உள்ள சின்ன ஆடிக்குத் திரும்பி, அங்கிருந்து பெரிய ஆடியின் நடுத் துளை வழியாக ஃபிலிமுக்குப் போகும். பாதையை மடித்துவிட்டதால் 500 மில்லிமீட்டர் குவியத் தூரம் ஒரு குட்டைச் சொம்புக்குள் அடங்கிவிட்டது. கனம் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல்.

சரி, மொட்டை மாடிக்கு வருவோம். 400 வேக கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்றைப் பேரன் தருவித்துக் கொடுத்தான். இந்த லென்ஸில் துளையைச் சுருக்கவோ விரிக்கவோ முடியாது, எஃப் 8 என்றால் எஃப் 8தான். ஷட்டரை மட்டுமே மாற்றலாம். வியூஃபைண்டர் மங்கல். கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு நிலாவின் விளிம்பைக் கூர்மையாகப் பிடிப்பதற்குள் நிலாவே நகர்ந்துவிடுகிறது. ஸ்டாண்டில் மாட்டி, கேபிள் ரிலீஸ் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு 250, 125, 60 என்று மாற்றி மாற்றி அரை நிலாவை எடுத்தேன். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி 'டபக்' என்று அடிக்கிற அடியில் பாதிப் படங்கள் ஆடிப்போய்விட்டன. 125-ல் எடுத்த ஒன்று தேறியது. ஃபிலிமில் நிலா நாலரை மில்லிமீட்டர், ஒரு கொத்தமல்லி விதை அளவு. ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் பள்ளங்கள் தெரிகின்றன. ஓட்டை இல்லை.

ஏன் இல்லை? வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் நடுவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, எதிர்ச் சுவரில் ஜன்னலின் பிம்பத்தை விழவையுங்கள். ஜன்னல் முழுசாகத்தான் விழும், கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். லென்ஸின் ஒவ்வொரு துண்டும் முழுப் படத்தையும் வரைகிறது. நடுத் துண்டு போனால் ஒளி குறையும், படம் குறையாது. ஆனால் ஃபோகஸ் ஆகாத ஒளிப்புள்ளியில் அந்த அடைப்பு அப்படியே தெரியும். மறுநாள் காலை தென்னை ஓலையில் இருந்த காக்கையை எடுத்தேன். பின்னால் ஓலை இடுக்கில் மின்னிய வெயில் எல்லாம் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு விழுந்திருக்கிறது. போட்டோக்காரர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை 1986-லேயே, லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றே அத்தான் பொட்டு ஒட்டிக் காட்டிவிட்டார். மறுநாள் வகுப்பில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாத்தியார் கௌரவம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவனே, பெயர் போட்டு உன்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நீ கேட்டது சரியான கேள்வி. நிலாப் படம் முதலில் இருக்கிறது, காக்கைப் படம் இரண்டாவது. பின்னால் இருக்கும் வளையங்களைப் பார்.