புழுங்கல் அரிசியும் குருதிக் கொழுப்பும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரெம்பாவ் மாவட்டத்தில், சிரம்பானிலிருந்து தம்பின் செல்லும் பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் பெடாஸ். வெளியூரார் அதனை வெந்நீர் ஊற்றினால் அறிவர். நாமோ அதனைச் சூழ்ந்திருந்த தோட்டங்களால் அறிவோம். முதலில் ரப்பர், பின்னர் செம்பனை என்று பயிர் மாறிய அம்மண்ணில் நம் முன்னோர் மூன்று நான்கு தலைமுறைகளாக உழைத்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பனியில் மரம் சீவி, பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்து வந்த அம்மக்களை அச்சுறுத்திய நோய்கள் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப் புழுவுமே. நெஞ்சடைப்பு பணக்காரர் நோய் என்றே அவர்கள் எண்ணினர். ‘கொழுப்பு’ என்னும் சொல்லைக்கூட அவர்கள் பெரும்பாலும் திமிர் என்னும் பொருளிலேயே வழங்கினர்.

இன்று நிலைமை வேறு. அதே தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்தவர்களின் வீடுகளில் நாற்பது, ஐம்பது வயதில் திடீரெனச் சாய்ந்த தந்தையர் எத்தனை பேர்! இம்மாற்றம் எப்படி நேர்ந்தது? குருதிக் கொழுப்பைப் பற்றி மனித அறிவு எவ்வாறு வளர்ந்தது? அவ்வறிவு இன்று நமக்கு என்ன தருகிறது? திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் நோயை முதலில் அறிந்து, பின் அதன் மூலத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாடுமாறு பணிக்கிறது. அவ்வரிசையிலேயே இவ்வரலாற்றைக் காண்போம்.

நெகிரி செம்பிலான் தந்த முதற்பாடம்

உணவுக்கும் நோய்க்கும் உள்ள உறவை உலகுக்கு உணர்த்திய இடங்களுள் நெகிரி செம்பிலானும் ஒன்று என்பது நம் மாணவருள் பலர் அறியாத செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களே மிகுதியாக மாண்டனர். அக்காலத்தில் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒரு வியப்பைக் கண்டார். அதே மண்ணில், அதே வறுமையில் வாழ்ந்த தமிழர்களை அந்நோய் ஏறத்தாழத் தீண்டவே இல்லை. சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. இவ்வேறுபாட்டையே சான்றாகக் கொண்டு 1907ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டேன்டன் என்னும் இருவரும் இம்மாநிலத்தின் உட்பகுதியில் பணிபுரிந்த ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவினர்க்குப் புழுங்கல் அரிசியும் வழங்கி ஆராய்ந்தனர். வெள்ளை அரிசி உண்டோரிடையே சில திங்களில் பெரிபெரி தோன்றியது, மற்றவர்க்குத் தோன்றவில்லை. பழைய அரிசியில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் கருதியது பிழை. தீட்டும்போது தவிட்டோடு கழிந்துபோகும் ஓர் ஊட்டச்சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதுவே இன்று நாம் பி-1 உயிர்ச்சத்து என வழங்குவது. நெல்லை அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவி நின்றுவிடுகிறது.

ஆக, 1907இல் தமிழனின் சோற்றுப் பானை அவனைக் காத்தது. அரை நூற்றாண்டு கழித்து வந்த மற்றோர் ஆய்வோ நேர்மாறான செய்தியைக் கொணர்ந்தது.

தனராஜ் கண்ட உண்மை

டாக்டர் தி. ஜா. தனராஜ் பின்னாளில், 1963ஆம் ஆண்டில், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவப் புலத்தின் முதல் தலைவராய் அமர்ந்தவர். அதற்கு முன் சிங்கப்பூரில் பணியாற்றிய காலத்தில், அவரும் அவர்தம் குழுவினரும் 1950 முதல் 1954 வரை அங்குச் செய்யப்பட்ட 9,568 பிணக்கூறாய்வுகளின் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். இதயத் தமனி நோய் இந்தியரிடையே சீனரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருப்பதை 1959இல் அவர்கள் வெளியிட்டனர். கடல் கடந்து வாழும் இந்தியரின் இதய நோயைப் பற்றி உலக மருத்துவ ஏடுகளில் இன்றும் முதலில் சுட்டப்படும் ஆய்வு அதுவே. தென்னாப்பிரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளில் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன.

2004இல் வெளியான ‘இண்டர்ஹார்ட்’ என்னும் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப். அதன் தரவுகளிலிருந்து 2007இல் வெளிவந்த கட்டுரை, தென்னாசியர்க்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59 என்றும் காட்டியது. ஆறாண்டு என்பது சிறு வேறுபாடன்று. பிள்ளைகள் படித்து முடிக்காத வயதில் குடும்பத் தலைவன் மறைவதும், முடித்தபின் மறைவதும் ஒன்றாகுமோ?

மூலத்தை நாடிய வரலாறு

கொழுப்பைப் பற்றிய அறிவு ஒரே நாளில் பிறந்ததன்று. பித்தக் கற்களில் காணப்பட்ட மெழுகு போன்ற பொருளுக்கு ஏறத்தாழ 1815இல் பெயரிட்டவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர். அதுவே கொலஸ்ட்ரால். 1913இல் ரஷ்ய நாட்டு அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கலந்து ஊட்டி, அவற்றின் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1938இல் நார்வே நாட்டு மருத்துவர் கார்ல் முல்லர், தசைநாண்களில் மஞ்சள் நிறக் கட்டிகளும், குருதியில் மிகு கொலஸ்ட்ராலும், இளமையில் இதய நோயும் சில குடும்பங்களில் தலைமுறைதோறும் சேர்ந்தே வருவதை எடுத்துரைத்தார். மாரடைப்பு பிறப்பு வழியாகவும் வரலாம் என்பது அதனால் புலனாயிற்று.

எண்ணெயும் நீரும் கலவா. ஆகவே குருதியாகிய நீரில் கொழுப்பு தனியே பயணம் செய்ய இயலாது. புரதம் என்னும் தோணியில் ஏறியே செல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் கோஃப்மன் மிகு விரைவில் சுழலும் பொறியால் இத்தோணிகளை அவற்றின் அடர்த்திக்கேற்பப் பிரித்துக் காட்டினார். அடர்த்தி குறைந்த வகையை இன்று எல்டிஎல் என்றும், அடர்த்தி மிகுந்ததை எச்டிஎல் என்றும் வழங்குகிறோம். முன்னது தமனிச் சுவரினுள் புகுந்து தங்கி, நாளடைவில் அதனைத் தடித்துச் சுருங்கச் செய்கிறது. அத்தடிப்பு ஒருநாள் வெடிக்க, அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை அடைப்பதே பெரும்பாலான மாரடைப்புகளின் கதை.

அவ்வாறாயின் சிலரது குருதியில் மட்டும் எல்டிஎல் ஏன் மிகுகிறது? அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இருவரும் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். இரு பெற்றோரிடமிருந்தும் குறையைப் பெற்றுச் சிறுவயதிலேயே மாரடைப்புக்கு ஆளான பிள்ளைகளின் உயிரணுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். எல்டிஎல்லைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் உயிரணுவின் மேற்புறத்தில் உண்டு என்பதையும், அப்பிள்ளைகளிடம் அவை குறைபட்டிருப்பதையும் 1973 முதல் வெளிப்படுத்தினர். இதற்காக 1985இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இக்குறையை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றோர் உலகில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர். அத்தகைய ஒருவரின் பிள்ளைகளுள் ஒவ்வொருவர்க்கும் அக்குறை வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.

பூஞ்சையில் பிறந்த மருந்து

ஏற்பிகள் கண்டறியப்பட்ட அதே காலத்தில், ஜப்பானில் அகிரா எண்டோ என்னும் வேளாண் குடும்பத்து மைந்தர் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்லீரல் கொலஸ்ட்ராலை ஆக்குவதற்குத் துணைபுரியும் ஒரு நொதியைத் தடுக்கும் பொருளைத் தேடி, ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளை அவர் சோதித்தார். 1973இல் அது கிட்டியது. அதனைத் தந்த பூஞ்சை கியோட்டோ நகரின் தானியக் கடை ஒன்றில் இருந்த அரிசியிலிருந்து எடுக்கப்பட்டது. நெகிரி செம்பிலானில் பெரிபெரிக்கு விடையளித்த அரிசியே, இங்கும் வேறொரு வகையில் வந்து நிற்பதைக் காண்க. அவர் கண்ட பொருள் சந்தைக்கு வரவில்லையாயினும், அவ்வினத்தைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எண்டோ 2024இல் காலமானார்.

ஸ்டாட்டின்கள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் ஆக்கத்தைக் குறைக்கின்றன. தட்டுப்பாட்டை உணர்ந்த கல்லீரல் மிகுதியான ஏற்பிகளை விரித்துக் குருதியிலுள்ள எல்டிஎல்லை வாரிக்கொள்கிறது. எண்ணைக் குறைத்தல் வேறு, உயிரைக் காத்தல் வேறு என்று ஐயுற்றோர்க்கு 1994இல் வடஐரோப்பிய நாடுகளின் ஆய்வு விடை தந்தது. இதய நோயுற்ற 4,444 பேரைக் கொண்ட அவ்வாய்வில், வெற்று மாத்திரை உண்டோருள் 256 பேர் இறந்தனர்; சிம்வாஸ்டாட்டின் உண்டோருள் 182 பேரே இறந்தனர்.

அதன்பின் வந்த வளர்ச்சிகள் பல. குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் 2002இல் வந்தது. 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, பிசிஎஸ்கே-9 என்னும் புரதத்துக்கும் மிகு கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது; அப்புரதம் எல்டிஎல் ஏற்பிகளை அழிவுக்கு அனுப்புவது பின்னர்த் தெளிவாயிற்று. பிறவியிலேயே அப்புரதம் குறைந்தவர்க்கு இதய நோய் மிக அரிதாய் இருப்பதை டல்லாஸ் அறிஞர்கள் 2006இல் காட்டினர். அதனைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் ஒப்புதல் பெற்றன. அப்புரதம் கல்லீரலில் உருவாவதையே தடுத்து, தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆண்டுக்கு இருமுறை மட்டும் போடப்படும் இன்கிளிசிரான் 2020இல் ஐரோப்பாவில் ஏற்கப்பட்டது. ஸ்டாட்டின் ஒவ்வாதோர்க்குப் பெம்படோயிக் அமிலம் என்னும் மாத்திரை இதய நோயைக் குறைப்பதை 2023இல் வெளியான ஆய்வு நிறுவியது.

எல்லா முயற்சியும் வென்றதில்லை என்பதையும் சொல்லவேண்டும். எச்டிஎல்லை ‘நல்ல கொழுப்பு’ எனப் போற்றி, அதனை உயர்த்த உருவாக்கிய டார்செட்ரபிப் என்னும் மருந்தின் ஆய்வு, மருந்துண்டோரிடையே இறப்பு மிகுந்ததால் 2006இல் நிறுத்தப்பட்டது. எண்ணை உயர்த்துவதனால் மட்டும் நலம் விளையாது என்பது அதனால் பெற்ற பாடம்.

நம்மவர்க்கு உரிய செய்தி

தென்னாசியர் பலரிடம் எல்டிஎல் மிக உயர்ந்திராவிடினும் டிரைகிளிசரைடு மிகுந்தும் எச்டிஎல் குறைந்தும் காணப்படுகின்றன. இதனோடு வயிற்றுப் பருமனும் நீரிழிவும் கைகோக்கின்றன. அன்று நம் பாட்டனார் சோற்றை நிறைய உண்டார். நாளெல்லாம் மேடு பள்ளம் ஏறி இறங்கி அதனைச் செலவிட்டார். இன்று அதே அளவு சோறு, அதனோடு கட்டிப்பால் தேநீர், அமர்ந்து செய்யும் வேலை. வரவு மாறவில்லை; செலவு குறைந்தது. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கிக் குருதியில் விடுகிறது.

எண்ணெய்ப் புட்டிகளில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குவோர் உளர். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருப்பது பெயரளவுக்கே. ஆனால் செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதியும், தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும் நிறைவுற்ற கொழுப்பு. அதுவே எல்டிஎல்லை உயர்த்துவது. நம் கைகளால் வளர்த்த பயிர் ஆயினும் அதனை அளந்தே உண்ணல் வேண்டும்.

நெஞ்சு இறுகி, இடக்கை வலித்து, வியர்த்துக் கொட்டும்போது ‘வாயு’ என்று சொல்லி இஞ்சிச் சாறும் தைலமும் தேடியதால் நாம் இழந்தோர் பலர். மாத்திரையால் அளவு குறைந்ததும், ‘குணமாகிவிட்டது’ என்று தாமே நிறுத்திக்கொள்வோரும் பலர். மருந்து அளவை அடக்கி வைக்கிறதேயன்றி மூலத்தை அழிப்பதில்லை. நிறுத்தினால் கொழுப்பு மீண்டும் ஏறும். தசைவலிக்கு அஞ்சி விலக்குவோர் ஒன்றை அறிதல் நன்று. 2022இல் லான்செட் ஏட்டில் வெளியான தொகுப்பாய்வு, ஸ்டாட்டின் உண்டோர் கூறிய தசைவலிகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை அம்மருந்தால் விளைந்தவை அல்ல என்று காட்டியது. வலி தோன்றினால் மருத்துவரிடம் கூறுதலே முறை. அளவை மாற்றவும் வேறு மருந்து தரவும் வழி உண்டு.

மலேசிய அரசின் 2023ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணிப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் மூவரில் ஒருவர்க்குக் கொலஸ்ட்ரால் மிகுந்துள்ளது. அவர்களுள் பலர் அதனை அறியாதவர். குருதிக் கொழுப்பு வலிக்காது, காய்ச்சல் தராது, இருமாது. சோதித்தால் அன்றித் தெரியாது. உள்ளூர் அரசாங்க மருந்தகத்தில் ஒருமுறை குருதி கொடுத்தலே இதற்குரிய வாயில்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உணவும் உடல்நலமும் பற்றிய பாடத்தை நடத்தும் நாளில், பிராடன் கண்ட புழுங்கல் அரிசியையும் தனராஜ் எண்ணிய பிணக்கூறாய்வுகளையும் மாணவர்க்கு எடுத்துக் கூறுங்கள். ‘உங்கள் குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் மாரடைப்பால் மறைந்தவர் உண்டா என்று வீட்டில் கேட்டு, உண்டெனில் பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்’ என்று பணியுங்கள். பெரிபெரியிலிருந்து நம் முன்னோரைக் காத்தது அவர்கள் அறியாமலே உண்ட உணவு. இந்நோயிலிருந்து நம்மைக் காக்கவல்லது நாம் அறிந்து செய்யும் செயலே.