கமடன் பொழிந்த மழையும் கழுகுமலைப் பெருமானும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நம் பகுதி மக்கள் எளிதில் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை கடந்து பாய்ந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களும் தவித்தன. ஒரு மழை வாராதா என்று வானத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய கரிசல் மண்ணின் மக்கள், அதே வானத்தைக் கண்டு அஞ்சிய நாள்கள் அவை.

வெள்ளம் சில நாள்களில் வடிந்தது. மனத்தில் புகுந்த அச்சமோ இன்னும் வடியாதவர் பலர். தம் இளமையில் கண்ட மழைக்காலமும் பனிக்காலமும் எங்கே போயின என்று முதியோர் வினவுகின்றனர். இனி வரும் காலம் எத்தகையதாக இருக்குமோ என்று இளையோர் கலங்குகின்றனர். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும் என்றும், புவி வெப்பமடையுந்தோறும் பெருமழைகள் வலுப்பெறும் என்றும் அறிவியலார் கூறுகின்றனர். ஆகவே இக்கலக்கத்தை வீண் கற்பனை என்று ஒதுக்குவதற்கில்லை.

இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 இளையோரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, 2021இல் லான்செட் குழும ஆய்விதழில் வெளிவந்தது. காலநிலை மாற்றத்தை எண்ணி மிகுதியாகக் கவலையுறுவதாக 59 விழுக்காட்டினர் கூறினர். அக்கவலை தம் அன்றாட வாழ்வையே பாதிப்பதாக 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கூறினர். ஆஸ்திரேலிய மெய்யியல் அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட், சொந்த ஊரில் இருந்துகொண்டே அவ்வூர் தன் கண்முன் உருமாறி அழிவதைக் காணும் துயரத்துக்குச் சோலஸ்டால்ஜியா என்று பெயரிட்டார்.

இத்தகைய துயருக்கு மருந்தாக மனவொருமைப் பயிற்சியையும் இயற்கையோடு கூடியிருத்தலையும் இக்கால உளநூலார் பரிந்துரைக்கின்றனர். இவ்விரண்டும் தமிழகக் குன்றுகளில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒருங்கு பயின்று வந்தவை. அவ்வரலாற்றின் ஒரு பெரும் சான்று சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கழுகுமலையே அது.

அரைமலைப் பள்ளி

கழுகுமலையின் பழம்பெயர் அரைமலை. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் இது சமண அறவோரின் பெரும் கல்வி நிலையமாக விளங்கிற்று. பாறைச் சுவரில் நூற்றுக்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. இங்குச் சித்தாந்தம் உரைத்த குணசாகர பட்டாரர் உள்ளிட்ட வைராக்கியர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்யப்பட்டமையை, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்துக் கல்வெட்டொன்று அறிவிக்கின்றது. கோட்டாறு, திருச்சாரணம் முதலிய ஊர்களின் பெயர்களும் இக்கல்வெட்டுகளில் வருகின்றன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும், அவர்தம் மாணாக்கரும் இங்கே பெயர் பெற்றுள்ளனர்.

ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. இத்திருமேனிகளை ஒரே அரசன் ஒரே காலத்தில் செய்விக்கவில்லை. பல ஊரார், பல நிலையினர், ஆளுக்கு ஒன்றாகச் செய்வித்தனர். அவருள் சிலர் தமக்காக அன்றி மற்றொருவர் பொருட்டுச் செய்வித்தனர். தம் அன்புக்குரியவரை எண்ணிய நெஞ்சம் அவ்வெண்ணத்தை ஓர் அறச்செயலாக்கிக் கல்லில் நிறுத்திற்று. எளியோர் பலர் சிறிது சிறிதாகச் செய்த செயல்கள் சேர்ந்தே இன்று நாம் காணும் பெருஞ்சுவர் எழுந்தது.

புயலிடை நின்ற பெருமான்

அச்சிற்பங்களுள் இரண்டினை மட்டும் இங்கே எண்ணிப் பார்ப்போம். முதலாவது, 23ஆம் தீர்த்தங்கரரான பகவான் பார்சுவநாதரின் திருவுருவம். பெருமான் தியானத்தில் நிற்க, பகைவனான கமடன் தாக்க முற்படுகிறான். தரணேந்திரன் தன் படத்தை விரித்துக் காக்கின்றான்.

இதன் புராண வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். கமடன் தன் பழம்பகையால் இடியும் மின்னலும் கல்மாரியும் பெருமழையும் ஏவினான். வெள்ளம் பெருகி மேலேறிற்று. பெருமான் ஓடவில்லை; சினக்கவும் இல்லை; நின்ற நிலையினின்று பிறழாது நின்றார். அப்போது தரணேந்திரனும் பத்மாவதியும் தோன்றி அவருக்குக் குடையாயினர்.

அவ்விருவரும் யாவர்? முன்னொரு நாள், தவமென்று கருதி ஒருவன் மூட்டிய தீயில், எரியும் கட்டைக்குள் இரு பாம்புகள் சிக்கித் துடித்தன. பிறர் கண்ணில் படாத அவ்வுயிர்களை இளவரசரான பார்சுவர் கண்டார். கட்டையைப் பிளக்கச் செய்து, இறக்கும் தறுவாயில் இருந்த அவற்றின் செவியில் திருமந்திரம் புகச் செய்தார். அவையே தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்தன. அன்று காட்டிய கருணையே புயல் நாளில் குடையாக விரிந்தது.

இவ்வரலாறு நம் காலத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது! கண்மாயும் ஓடையும் சதுப்பும் குன்றின் காடும் சிற்றுயிர்களின் உறைவிடங்கள். அவற்றைக் காத்தால், பெருமழை நாளில் அவை நீரைத் தாங்கியும் தேக்கியும் நம்மைக் காக்கும். அழித்தால், வெள்ளம் நம் வாயிலில் வந்து நிற்கும். 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டி நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். தாமும் வெள்ளத்தில் தவித்த சிற்றூர் மக்கள் அவர்களுக்கு உணவு சமைத்து அளித்தனர். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவதே இயல்பு என்னும் தத்துவார்த்த சூத்திரக் கருத்துக்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

இரண்டாவது சிற்பம் பாகுபலியினுடையது. காயோத்சர்க்க நிலையில் அசையாது நின்ற அவருடைய கால்களிலும் கைகளிலும் கொடிகள் படர்ந்துள்ளன. உடன்பிறந்த மகளிரான பிராமியும் சுந்தரியும் அருகே நிற்கின்றனர். அவருடைய திருவடியருகே புற்று வளர்ந்தது என்பது மரபு. புற்றுமண்ணைப் போற்றிப் பழகிய சங்கரன்கோவில் மக்களுக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. கொடிக்கும் எறும்புக்கும் பாம்புக்கும் அஞ்சத்தகாத ஒருவராக மனிதர் நிற்க இயலும் என்பதையே அச்சிற்பம் காட்டுகின்றது. இயற்கையோடு கூடியிருத்தல் என்பதன் முழுப்பொருள் இதுவேயாம்.

ஆர்த்த தியானமும் தர்ம தியானமும்

துயருறுவது குற்றம் என்று நம் ஆசாரியர் கூறவில்லை. அதன் இயல்பை நுணுகி ஆராய்ந்தனர். தியானம் நால்வகை: ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம். விரும்பியது பிரிந்தபோது அதையே நினைந்து உழலுதலும், விரும்பாதது வந்துற்றபோது அதையே எண்ணி வெதும்புதலும் ஆர்த்த தியானத்தின் பாற்படும். அழிந்த கண்மாயை நினைந்து ஏங்குதலும், வரவிருக்கும் வெப்பத்தை எண்ணி உறங்காதிருத்தலும் இவ்வகையினவே. இத்துயரைச் செய்தோர்மீது சினமாக மாற்றி உள்ளத்தில் வளர்ப்பது ரௌத்திரம். இவ்விரண்டும் மனத்தைச் சோர்விக்கும்; உலகுக்கும் பயன் தாரா.

இவற்றினின்று தர்ம தியானத்துக்கு ஏறும் படிகளாகப் பன்னிரு அனுப்பிரேட்சைகள் வகுக்கப்பட்டன. ஆசாரியர் குந்தகுந்தர் இவை பற்றித் தனி நூலே இயற்றியுள்ளார். அவர் தவமிருந்ததாகப் போற்றப்படும் பொன்னூர் மலை, வந்தவாசிக்கு அருகே உள்ளது. நிலையாமையை எண்ணுதல் முதற்படி. உலகின் அமைப்பை உள்ளவாறு எண்ணுதல் ஒரு படி. தீவினை உட்புகும் வாயிலை ஆஸ்ரவம் என்று அறிந்து, அவ்வாயிலை அடைத்தலாகிய சம்வரத்தை எண்ணுதல் அடுத்தடுத்த படிகள். மடையைக் கண்டறிந்து அடைக்கும் உழவனைப் போல, துன்பம் எவ்வழியே வருகிறது என்று நோக்கி அவ்வழியை அடைக்கும் அறிவே சம்வரம். நிலையாமையோடு நின்றுவிட்டால் சோர்வே எஞ்சும். சம்வரம் வரை செல்வோர்க்குச் செய்யத்தக்கது இன்னது என்பது புலப்படும்.

இல்லறத்தாருக்கு இதனை இன்னும் தெளிவாக விளக்கியவர் ஆசாரியர் சமந்தபத்திரர். அவருடைய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் கருத்துகளைத் தமிழில் அருங்கலச்செப்பு வழங்குகின்றது. பயனின்றித் தீங்கு செய்யாமையாகிய அனர்த்ததண்ட விரதத்தை அவர் விளக்கும் முறை வியப்புக்குரியது. காரணமின்றி நிலத்தைக் கிளறுதல், நீரை வீணே கொட்டுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அவர் விலக்குகிறார். தீய எண்ணத்தில் உழலுதலையும், மனத்தைக் கலக்கும் செய்திகளைக் கேட்டலையும் அதே விரதத்தின்கீழ் விலக்குகிறார். நீரை வீணாக்காதே என்பதும் நெஞ்சை வீணே கலக்காதே என்பதும் அவருக்கு ஒரே அறத்தின் இரு கூறுகள். நள்ளிரவு வரை கைப்பேசியில் பேரழிவுக் காட்சிகளையே அடுத்தடுத்துக் காணும் நமக்கு இவ்வறிவுரை எத்துணைப் பொருத்தமானது!

குன்றைக் காத்த ஊரார்

இந்த அகப்பயிற்சி புறவுலகைக் காக்குமா என்று ஐயுறுவார்க்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி விடை கூறும். அங்குள்ள குன்றில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும், சமணர் கற்படுக்கைகளும், தீர்த்தங்கரர் திருவுருவமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உள்ளன. அக்குகையை அறவோர்க்கு அமைத்துக் கொடுத்தோரின் பெயர்களோடு நெல்வேலி என்றும் இலஞ்சி என்றும் ஊர்ப்பெயர்கள் வருவது நம் பகுதியார்க்கு மகிழ்ச்சி தருவதாகும். பின்னர், கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில், அச்சணந்தி என்னும் ஆசாரியர் பாண்டிய நாட்டுக் குன்றுகள் பலவற்றில் திருமேனிகள் செய்வித்தார். நெல்லைச் சீமையின் ஏர்வாடியும் அவற்றுள் ஒன்று.

துறவோர் இத்தகைய குன்றுகளை ஏன் தேர்ந்தனர்? நிழலும் சுனையும் தனிமையும் அங்குண்டு. உணவு பெற ஊரும் அருகில் உண்டு. மழைக்காலத்தில் முளைத்தெழும் சிற்றுயிர்களை மிதித்துவிடாதிருக்க ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்ய நெறிக்கும் குகைகள் ஏற்றன. இவ்வாறு புனிதம் பெற்ற குன்றுகளில் பல இன்றும் பறவைக்கும் விலங்குக்கும் அடைக்கலமாக உள்ளன. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193 எக்டேர் பரப்பினைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்கே காணப்படுகின்றன. அரிய வல்லூறு இனங்களும் அவற்றுள் அடங்கும்.

2024 நவம்பரில் இவ்வட்டாரத்தை உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டுவதற்கான ஏலம் முடிவான செய்தி வெளிவந்தது. ஊரார் கலங்கினர், ஆயினும் கலக்கத்திலேயே ஆழ்ந்துவிடவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் இயற்றினர்; வீதியில் இறங்கி அறவழியில் போராடினர். அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் தமிழகச் சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கியது. சாதி, சமயம் கடந்து உழவரும் ஆயரும் மகளிரும் சேர்ந்து காத்த குன்றில் நம் அறவோரின் கற்படுக்கைகளும் காக்கப்பட்டன. அன்று கருணையால் காக்கப்பட்ட பாம்பு பெருமானுக்குக் குடையானதுபோல, ஊராரைப் புரந்த குன்றுக்கு ஊரார் குடையாயினர்.

இவ்விழா நாளில்

ஆகவே, காலநிலை குறித்த கவலையால் வாடும் பிள்ளைகளிடம், கவலைப்படாதே என்று கூறிக் கடந்துவிடாது, அவர்களோடு அமர்ந்து கேட்பது பெரியோரின் கடமை. சாமாயிகத்துக்கு மரபு வகுத்த 48 நிமிடங்கள் இயலாவிடினும், நாள்தோறும் சிறிது நேரம் குடும்பத்தோடு அமைதியாக அமரலாம். பிரதிக்கிரமணத்தின்போது அன்று வீணாக்கிய நீரையும் மின்சாரத்தையும் உணவையும் நினைந்து, மறுநாள் குறைப்பதாக உறுதி கொள்ளலாம். ஆண்டில் ஒரு முறையேனும் பிள்ளைகளைக் கழுகுமலைக்கு அழைத்துச் செல்லலாம். வீரசிகாமணிக் குன்றின் கற்படுக்கைகளையும் காட்டலாம். அங்கே பெயர் கிறுக்காமல், குப்பை இடாமல், சற்று நேரம் வாய்பேசாது அமர்ந்து காற்றையும் கிளியையும் கேட்கச் செய்யலாம். தத்தம் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலைத் தூர் எடுக்கும் பணியில் ஒரு நாள் உடலுழைப்பு தரலாம்.

மைத்திரி, பிரமோதம், காருண்யம், மாத்தியஸ்தியம் என்று நம் நூல்கள் நான்கு பாவனைகளைக் கூறும். எல்லா உயிரிடத்தும் நட்பு, நல்லோரைக் கண்டு மகிழ்ச்சி, துன்புறுவோரிடம் இரக்கம், நெறி பிறழ்ந்தோரிடம் பகையின்மை. இந்நான்கும் உள்ள நெஞ்சத்தில் அச்சம் நெடுநாள் தங்காது. செய்யவேண்டிய பணியும் தடைப்படாது. இடர் மிகுந்த வானத்தின்கீழ் நிற்கும் நாம், கழுகுமலைப் பாறையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிலைபெயராது நிற்கும் பெருமானை நோக்கி மனத்தை நிறுத்துவோம். கையால் ஒரு சிற்றுயிரையேனும் காப்போம்.

அறம் வளர்க! உயிர்கள் அனைத்தும் இன்புறுக! ஜெய் ஜினேந்திரா!