சீட்டின் கதை

சீட் மாற்ற என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். அமுங்கினால் நல்ல சீட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மறுத்துச் சொன்னால் கேட்பவர் சிலரே. ஆனால் வரலாறு என் பக்கம்தான் இருக்கிறது.

1817-இல் ஜெர்மனியின் மான்ஹைமில் கார்ல் டிரைஸ் ஓட்டிய மரவண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்த வேண்டும். அதற்கே மெத்தை வைத்த இருக்கை இருந்தது. 1860-களில் பாரிஸில் பெடல் வந்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரம், கல் பாவிய தெரு. சீட்டை நீண்ட வில்பட்டைமேல் ஏற்றிப் பார்த்தும் குலுக்கல் ஓயவில்லை.

பர்மிங்ஹாமில் 1866-இல் தோல் சாமான் தொழில் தொடங்கியவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். தன் குதிரை செத்துப்போக, இரவல் சைக்கிளில் வேலைக்குப் போய், அந்த வேதனையில் சீட் செய்யக் கிளம்பினாராம். கம்பெனி சொல்லும் கதை இது. கொஞ்சம் மசாலா இருக்கலாம். 1882-இல் அவர் சீட்டுக்குக் காப்புரிமை கேட்டது நிஜம்.

புரூக்ஸ் தோல் சீட்டில் பஞ்சே கிடையாது. தடித்த மாட்டுத்தோலை இரும்புச் சட்டத்தின் முன்னும் பின்னும் ரிவெட் அடித்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் அடியில் வெறும் காற்றுதான், தூளி மாதிரி. புதிதில் பலகையாகத்தான் இருக்கும். ஓட்ட ஓட்ட, உட்காரும் எலும்பு இரண்டும் படுகிற இடத்தில் மெல்லக் குழிந்து, ஓட்டுகிறவர் உடம்புக்குப் படிந்துவிடும். அவர்களுடைய பி17 நூறாண்டுக்கு மேலாக விற்கிறது.

1888-இல் டன்லப்பின் காற்று டயர் வந்து குலுக்கலைக் குறைத்தது. அடுத்த தகராறு சீட்டின் மூக்கைப் பற்றி. 1890-களில் பெண்கள் பெருவாரியாக ஓட்டத் தொடங்கியதும், அது அழுத்தக்கூடாத இடத்தை அழுத்துகிறது என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். அமெரிக்காவில் ஸ்பால்டிங் கம்பெனி கிறிஸ்டி சீட்டை விற்றது: எலும்புக்கு ஒன்றாக இரண்டு திண்டு, நடுவில் இடைவெளி. நடுவில் பிளந்த சீட்டை இன்று புதுக் கண்டுபிடிப்பு என்று விற்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

நம்மூருக்கு 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளை அனுப்பியது. நிமிர்ந்து ஓட்டும் வண்டி. பாரம் முழுக்கப் பின்னால் இறங்கும். அதனால் அகலமான தோல் சீட், அடியில் சுருள் ஸ்பிரிங். மழையில் ஊறினால் தோல் தொய்ந்துவிடும் என்று பாலிதீன் பை கட்டினோம். பிறகு வந்த ரெக்ஸின் போட்ட ஃபோம் சீட்டுக்கு மழை பயமில்லை, விலையும் குறைவு. ஆனால் ரொம்ப மெத்தென்றிருந்தால் எலும்பு அமிழ்ந்து, ஃபோம் நடுவில் பிதுங்கும். தூரம் போனால் மரத்துப்போவது அதனால்தான்.

நிமிர்ந்து ஓட்டுகிறவர் அகலமான ஸ்பிரிங் சீட் வாங்குங்கள். குனிந்து ஓட்டுகிறவருக்கு ஒடுக்கமான, இறுக்கமான சீட். மூக்கு தூக்கி நிற்காமல் மட்டமாகப் பொருத்தச் சொல்லுங்கள். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.