மெட்ராஸ் அணி தமிழ்நாடு அணியான வரலாறு

தாம்பரத்தில் வளரும் கிரிக்கெட் வீரர் ஒருவர் ரஞ்சிக் கோப்பைக்குத் தேர்வானால், அவர் ஆடுவது தமிழ்நாடு அணிக்கு. அவருடைய ஊரார் ஐ.பி.எல். போட்டியில் ஆதரிப்பதோ பெரும்பாலும் சென்னை அணியை. 1931 முதல் மின்ரயில் தாம்பரத்தைச் சென்னையுடன் இணைத்து வருகிறது. ஆனால் நிர்வாகக் கணக்கில் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். 2021 முதல் தனி மாநகராட்சி. அணிகளுள் சில மாநிலத்தின் பெயரையும் சில நகரத்தின் பெயரையும் கொண்டிருப்பது ஏன் என்பதை இந்த ஊரிலிருந்து பார்த்தால் எளிதில் விளங்கும்.

ஒரு சொல், இரு பொருள்

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸ், மைசூர் அணிகளுக்கிடையே நடந்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஒரே நாளில் மெட்ராஸ் வென்றது. மெட்ராஸ் என்பது அன்று நகரத்தின் பெயர். மாகாணத்தின் பெயரும் அதுவே. எனவே அணி எதனுடையது என்ற கேள்விக்கு இடமிருக்கவில்லை.

மாகாணம் சுருங்கியபோது அணியின் எல்லையும் சுருங்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது; 1953-54 பருவத்திலேயே ஆந்திர அணி ரஞ்சியில் ஆடியது. 1954-55இல் ஹோல்கர் அணியை வென்று மெட்ராஸ் முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது.

1969 ஜனவரி 14 அன்று மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியது. நகரம் ஆங்கிலத்தில் மெட்ராஸாகவே நீடித்தது. அதுவரை ஒன்றாயிருந்த பெயர் இரண்டானபோது, அணி மாநிலத்தின் பெயரை ஏற்றது. 1972-73 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் பம்பாயிடம் தோற்றதும், 1987-88இல் கோப்பையை வென்றதும் தமிழ்நாடு என்ற பெயரில்தான். மைசூர் அணியும் 1973இல் மாநிலத்தின் பெயர் மாறியதும் கர்நாடகம் ஆயிற்று.

பம்பாயின் நிலை வேறு. மகாராட்டிர மாநிலத்தில் மும்பை, மகாராட்டிரம், விதர்பா என மூன்று ரஞ்சி அணிகள் உள்ளன. பம்பாய் அணி மாநிலம் முழுவதற்கும் உரியதாக இல்லாததால், 1995க்குப் பின் நகரத்தின் புதிய பெயரான மும்பையையே ஏற்றது.

எல்லையும் சந்தையும்

ரஞ்சி அணியின் பெயர் ஓர் எல்லையைக் குறிக்கிறது. வெளியிலிருந்து வரும் சிலரைத் தவிர, அந்த எல்லைக்குள் உள்ளவர்களே அணியில் இடம்பெறுவர். ஐ.பி.எல். பெயர் குறிப்பது சந்தையை. வீரர்கள் ஏலத்தில் வாங்கப்படுகின்றனர். சென்னை அணியின் முதல் தலைவர் தோனி ராஞ்சியைச் சேர்ந்தவர். 2008இல் தொடங்கிய எட்டு அணிகளுள் ஐந்து நகரப் பெயர்களைக் கொண்டிருந்தன. மொகாலியில் ஆடிய அணி பஞ்சாப் என்றும், ஜெய்ப்பூரில் ஆடிய அணி ராஜஸ்தான் என்றும், ஐதராபாத் அணி டெக்கான் என்றும் பெயர் கொண்டு, ஊரைத் தாண்டிய ரசிகர்களையும் அழைத்தன. புரோ கபடியில் 2017இல் வந்த சென்னை அணி 'தமிழ் தலைவாஸ்' எனப் பெயரிட்டுக்கொண்டதும் இவ்வகையே.

அமெரிக்காவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1961இல் வாஷிங்டனிலிருந்து இடம்பெயர்ந்த பேஸ்பால் அணிக்கு மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களுள் ஒன்றின் பெயரை வைத்தால் மற்றது மனம் கோணும். எனவே மாநிலத்தின் பெயரால் 'மினசோட்டா ட்வின்ஸ்' என்றனர். அது ஆடிய மைதானம் இரு நகரங்களிலும் இல்லை. புளூமிங்டன் என்ற தெற்குப் புறநகரில் இருந்தது.

தாம்பரத்துக்கும் இது பொருந்தும். 'சென்னை' என்ற அணிப்பெயர் தாம்பரத்தாரை ரசிகர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. 'தமிழ்நாடு' என்ற பெயர் அவர்களுக்கு அணியில் ஆடவும் உரிமை தருகிறது.