குலுக்கையும் 24 சொல்லும்

பசுவந்தனையில் எங்கள் பூர்வீக வீட்டில் தானியம் கொட்டி வைக்கும் ஆள் உயரக் குலுக்கை ஒன்று இருந்தது. மண்ணைக் குழைத்து வளையம் வளையமாக எழுப்பி, சாணி மெழுகியது. அடியில் கை நுழையும் ஓட்டை. அதைத் துணிப்பந்தால் அடைத்திருப்பார்கள். உருவினால் கம்பு தானாகக் கொட்டும். அதற்குள்தான் ஆச்சி வெள்ளி ரூபாய்களைத் துணியில் முடிந்து போட்டிருந்தாள். தானியம் நிறைந்து கிடக்கும்வரை எவனும் அண்ட முடியாது. புரட்டாசியில் விதைப்புக்கு அள்ள அள்ள, முடிச்சு வெளியே தெரிந்துவிடும். அதற்குள் அவள் இடம் மாற்றிவிடுவாள்.

எங்கே என்று யாருக்கும் சொன்னதில்லை. வாதம் வந்து வாய் அடைத்தபோது கையைத் தூக்கித் தொழுவத்துப் பக்கம் காட்டினாள். மூன்று இடத்தில் தோண்டினோம், ஒன்றுமில்லை. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பி மூடிக்கொள்ளும். அதில் புதைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும் என்று எப்படி நம்புவது?

அவள் காதில் தொங்கிய பாம்படம் மட்டும் எங்களுக்குக் கிடைத்தது. ஊர்க்கண் முன்னால் கிடந்த நகை அது. அவசரத்துக்கு உடனே அடகுக்குப் போகும். இருட்டில் காதோடு அறுத்துக்கொண்டும் போவார்கள்.

பணத்தை அடுத்தவர் கையில் கொடுத்தவர்களும் இழந்திருக்கிறார்கள். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. வெள்ளைக்காரப் பெயரை நம்பிப் போட்டவர்களின் சேமிப்பு அதோடு போனது. அந்தக் காயத்தில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகே டெபாசிட்டுக்கு அரசு இன்சூரன்ஸ் வந்தது. இன்று அது 5 லட்சம் ரூபாய் வரை.

கிரிப்டோ என்கிற டிஜிட்டல் காயினுக்கு அந்த இன்சூரன்சும் இல்லை. 2024 ஜூலை 18 அன்று, அதை வாங்கி விற்கும் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவு போனது. களவு போன வாலட், பல கையெழுத்து சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டி. கையெழுத்துப் போட்டவர்களையே ஏமாற்றித் திறந்துவிட்டார்கள். களவு போகாத காயின் வைத்திருந்தவர்களின் கணக்கும் முடங்கியது. அப்படி முடங்கிய ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான் என்றார். அந்தத் தீர்ப்பை வாசித்த அன்று எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது.

போன பொங்கலுக்குத் தம்பி மகன் ஒரு தாளோடு வந்தான். 24 ஆங்கிலச் சொற்கள். காயினை எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்துத் தன் கையிலேயே வைத்திருக்கிறானாம். போன் உடைந்தாலும் இந்தச் சொற்கள் இருந்தால் மீட்கலாம். வேறொருவர் பார்த்தால் எல்லாம் போச்சு, தொலைந்தாலும் போச்சு.

"பெரியப்பா, இதை எங்க வைக்க?"

"தாள்னா கரையான் அரிச்சிரும். எவர்சில்வர் தகட்டுல வெட்டிரு" என்றேன்.

பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரிடம் கொடுக்கவே கூடாது, அவர் வாசித்துவிடுவார். எழுத்து அச்சும் சுத்தியலும் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவனே அடித்தான். நடுச்சாமம் வரை டொக் டொக் என்று கேட்டது.

காலையில், "உனக்கப்புறம் இது இருக்கிற இடம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.