பொன்னுருவியின் தர்க்கம்

வியாசர் பாரதத்தில் கர்ணன் மனைவிக்குப் பெயரே கிடையாது. வளர்த்த தகப்பன் அதிரதன் தன் குலத்திலேயே எனக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்தான் என்று உத்தியோக பருவத்தில் கர்ணன் கிருஷ்ணனிடம் சொல்கிறான். போர் முடிந்த பிறகு, ஸ்திரீ பருவத்தில், களத்தில் விழுந்து அழும் ஒருத்தியைக் காட்டி, கர்ணன் மகன் விருஷசேனனைப் பெற்றவள் இவள் என்கிறாள் காந்தாரி. அத்தோடு அவள் கதை முடிந்தது.

நம் தொண்டை மண்டலத்துக் கூத்துக்காரர்கள் அவளை அப்படி விட்டுவிடவில்லை. பொன்னுருவி என்று பேர் வைத்தார்கள். தேரோட்டி குலத்துப் பெண்ணாக இருந்தவளை ராஜா வீட்டுப் பெண்ணாக மாற்றினார்கள். மாற்றியதும் கதையே வேறாகிவிட்டது. சபையில் கர்ணன் கேட்ட குலப்பேச்சு அவன் படுக்கையறைக்குள்ளும் வந்துவிட்டது. கட்டினவளே அவனைத் தேரோட்டி மகன் என்று ஒதுக்கிவைக்கிறாள். இதை யோசித்த மனிதன் யாராக இருந்தாலும் சாதி பற்றி நன்றாகத் தெரிந்தவன்.

‘கர்ண மோட்சம்’ கூத்தில் இவள் வருகிறாள். சென்னையில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் மாதிரியான பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சடித்த புத்தகங்களில், புகழேந்திப் புலவர் இயற்றியது என்று போட்டிருக்கும். நளவெண்பா பாடிய பொன்விளைந்த களத்தூர்க்காரர்தான் இதையும் எழுதினார் என்று நம்ப நான் தயாராக இல்லை. பேருக்கு ஒரு பெரிய புலவர் தேவைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். ‘பொன்னுருவி மசக்கை’ என்று இன்னொரு புத்தகமும் அவர் தலையில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

எங்கள் நசரத்பேட்டைப் பக்கம் இந்தக் கூத்தைக் கோயில் பாரதத்திலும் போடுவார்கள், கருமாதிக்கும் போடுவார்கள். பெரியவர் ஒருவர் போனால் பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டி ராத்திரி கர்ண மோட்சம். காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்திலிருந்து கூத்து ஜமா வந்து இறங்கும். கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் நம் வீட்டு ஆளுக்கும் கிடைக்கட்டும் என்பது கணக்கு. பந்தலுக்கு முன்னால் பெண்கள் பக்கத்தில், அன்றைக்குத்தான் தாலி இழந்த ஒருத்தியும் உட்கார்ந்திருப்பாள். மேடையில் பொன்னுருவிக்கு வரப்போவது இவளுக்கு வந்து முடிந்துவிட்டது.

என் அப்பா டிரங்க் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான் மிஷினில் உட்கார்ந்தேன். ஸ்திரீ வேஷக்காரர்கள் எங்களிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பார்கள். ஆண் தோளுக்குப் பெண் ரவிக்கை தைப்பது எளிதல்ல. அளவு எடுத்தபடி வெட்டினால் தோள் அகலம் அப்படியே வெளியே தெரியும். தோள் தையலை உள்ளே தள்ள வேண்டும், கைக்குழியைப் பெரிதாக விட வேண்டும். இல்லாவிட்டால் அடவு போட்டுச் சுற்றும்போது அக்குளில் கிழியும். அப்படிக் கிழித்துக்கொண்டு வந்தவர்கள் எனக்கு வாடிக்கையானார்கள்.

கர்ணனாகக் கட்டுகிறவருக்குக் கிரீடம் இருக்கிறது, புஜக்கட்டை இருக்கிறது, மார்புப் பதக்கம் இருக்கிறது. திரைக்குப் பின்னால் நின்றாலே பாதி கர்ணன் வந்துவிடுவான். ஸ்திரீ வேஷத்துக்குக் கட்டை கிடையாது. ஒரு புடவை, நாலு நகை, சவுரி முடி. மிச்சத்தையெல்லாம் குரலிலும் கையிலும்தான் கொண்டுவர வேண்டும். அதனால்தான் பொன்னுருவி கட்டுகிறவருக்கு நான் எப்போதும் ஒரு மார்க் கூடப் போடுவேன்.

காட்சி இப்படிப் போகும். ஜமாவுக்கு ஜமா கொஞ்சம் மாறும். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுமுன் கர்ணன் விடைபெற வருகிறான். அவள் முகம் கொடுக்க மறுக்கிறாள். குலம் கேட்கிறாள். அவன் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, தர்க்கம் வளர்கிறது. நடுவில் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து இரண்டு பேரையும் கிண்டல் செய்வான். கடைசியில் அவன் தான் குந்தி வயிற்றில் பிறந்தவன் என்பதைச் சொல்கிறான். அந்த ஒரு வார்த்தையில் அவள் உடைகிறாள். இத்தனை காலம் தள்ளிவைத்தவனைப் போகாதே என்று தடுக்கிறாள். அவனோ போகத்தான் வந்திருக்கிறான். முகவீணை முகாரிக்கு மாறும்.

இங்கே என் கருத்து ஒன்று. புருஷன் செத்ததற்காக மட்டும் அவள் அழுதால் அது சாதாரண ஒப்பாரி. அவள் அழுவது, வாழ்ந்திருக்க வேண்டிய நாட்களைத் தன் வாயாலேயே அழித்துக்கொண்டதற்கு. முன்பாதி ஆங்காரம் இல்லாவிட்டால் பின்பாதி அழுகைக்கு மதிப்பே கிடையாது. 1964-ல் பந்துலுவின் ‘கர்ணன்’ படத்தில் இவளுக்குச் சுபாங்கி என்று பேர், தேவிகா நடித்தார். அழகாகத்தான் நடித்தார். ஆனால் குலப்பேச்சை மாமனாரிடம் கொடுத்துவிட்டு மனைவியை நல்லவளாக்கிவிட்டார்கள். எனக்கு அந்தச் சுபாங்கி மேல் பரிதாபம் வந்தது, பயம் வரவில்லை. பொன்னுருவியைப் பார்த்தால் முதலில் பயம் வரும்.

பெண் வேஷம் ஆணுக்கு என்பது கூத்தில் மட்டும் இருந்த வழக்கமல்ல. பக்கத்துப் பம்மலைத் தன் பேரோடு வைத்திருந்த சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் சபை. அங்கேயும் அவருக்கு ஜோடியாக நாயகி வேஷம் போட்டுப் பேர் வாங்கியவர் சி. ரங்கவடிவேலு என்ற ஆண்தான். பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாக இருந்த சிவாஜி கணேசன் சீதையாக நடித்தவர். டி.கே. சண்முகத்துக்கு ‘அவ்வை’ பட்டம் வந்ததே கிழவி வேஷத்தால். ஆனால் நகரத்து மேடையில் பெண்கள் சீக்கிரமே ஏறினார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தினார். கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் ஆண் வேஷம் கட்டி நந்தனாராகவே படத்தில் வந்தார். நல்ல பேருள்ள குடும்பத்துப் பெண் மேடைக்கு வரமாட்டாள் என்று ஊர் பேசிய காலம் அது. அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள்.

கூத்து மட்டும் கதவைத் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க ஆட்டம், ஊர் ஊராக வேனில் தூக்கம், ஆண்கள் நடுவில் ஒப்பனை. பெண்ணை அனுப்ப எந்த வீடும் துணியவில்லை. 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002-ல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் ஆரம்பித்து, பையன்களோடு பெண் பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2020-ல் அது மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே படித்த பெண்கள் ஆடுகிறார்கள், பெண் வேஷம் மட்டுமில்லை, கட்டை வேஷமும் கட்டுகிறார்கள். கர்ண மோட்சத்தை இதே ஹன்னே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1998-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது.

பெண் வந்தால் பொன்னுருவி தானாகச் சரியாகிவிடுவாள் என்று நான் சொல்லமாட்டேன். நான் பார்த்ததில் உக்கிரமான பொன்னுருவி பூவிருந்தவல்லிச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஓர் ஆண். பகலில் அவரைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் வேஷத்துக்கு ஆபத்து வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. வெளிவட்டச் சாலை வந்து வயல்கள் மனையாகிவிட்டன. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. பக்கத்து அடுக்குமாடியிலிருந்து போலீசுக்கு போன் போகும். அதனால் பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய கூத்தை ஏழுக்குத் தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடித்துக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். ஜமா வாத்தியார் எதை வெட்டுவார்? போரை வெட்ட முடியாது, மோட்சத்தை வெட்டவே முடியாது, அதற்குத்தானே கூலி. தர்க்கத்தை வெட்டுகிறார். பொன்னுருவி வந்ததும் அழுகிறாள், அழுதுவிட்டுப் போகிறாள்.

உங்கள் வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் பேசினால், வெற்றிலை பாக்கு வைக்கும்போதே வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பபூன் பாட்டைக் குறைத்துக்கொள்ளட்டும், சினிமா மெட்டை விட்டுவிடட்டும். பொன்னுருவி தர்க்கத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.