அனாமத்துக் கணக்கும் எஃப்எஸ்சிகேயும்

போன வாரம் என் லினக்ஸ் வட்டு மக்கர் செய்தது. எஃப்எஸ்சிகே கேட்ட கேள்விக்கெல்லாம் யோசிக்காமல் 'ஒய்' தட்டிவிட்டு, அப்புறம்தான் பயந்துபோய் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நம்ம காமர்ஸ் பாடம் மாதிரியே இருந்தது!

யூனிக்ஸ் ஒரு கோப்பை இரண்டு இடத்தில் பதியும். அளவு, உரிமையாளர், தரவு கிடக்கும் இடம் எல்லாம் ஐநோடு என்ற எண்ணிட்ட பதிவில். பெயர் மட்டும் அடைவில். தன்னை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்றும் ஐநோடு குறித்து வைக்கும். ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் எழுதும் முன் கரண்ட் போனால் கணக்கு உதைக்கும்.

1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இதற்குத் தனித்தனிக் கட்டளைகள். ஐசெக் வட்டின் பிளாக்குகளைச் சரிபார்க்கும். டிசெக் அடைவுகளை ஐநோடுகளோடு ஒப்பிடும். கெட்ட ஐநோடை சிஎல்ஆர்ஐ கொடுத்து ஆள்தான் அழிக்க வேண்டும். எண்ணைத் தப்பாக அடித்தால் நல்ல கோப்பு காலி. டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே இந்த வேலைகளை ஒன்றாக்கி, திருத்தட்டுமா என்று கேட்டுக் கேட்டுச் செய்தது. 1983-ல் வெளியான 4.2பிஎஸ்டிக்காக மெக்குசிக் அதை மாற்றியமைத்தார்.

பெயரை இழந்த கோப்புகள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவுக்குப் போகும். அசல் அனாமத்துக் கணக்கு! ஐநோடு எண்ணே அங்கே பெயர். அந்த நாளில் இந்த அடைவை முன்கூட்டியே உருவாக்கி, காலி இடமும் விட்டு வைக்க வேண்டும். கெட்டுப்போன வட்டில் புதிதாக இடம் பிடிப்பது ஆபத்தாயிற்றே.

இருப்பாய்வு சமமானாலும் கணக்கில் பிழை இருக்கலாம் என்று படித்தோமே, இங்கும் அதே கதைதான். ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் சொந்தம் கொண்டாடினால், பழைய எஃப்எஸ்சிகே கோப்பையே நீக்கவா என்று கேட்கும். நீக்கினால் கணக்கு சமம். கோப்பு? கோவிந்தா.

வட்டுகள் பெரிதாக, முழுசாகச் சோதிக்க மணிக்கணக்கானது. 1990-ல் ஐபிஎம் தன் ஏஐஎக்ஸில் ஜர்னல் முறையைக் கொண்டுவந்தது. லினக்ஸில் ஸ்டீபன் ட்வீடியின் எக்ஸ்ட்3, 2001-ல் 2.4.15 கெர்னலில் சேர்ந்தது. முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு. மின்சாரம் போனால் குறிப்பேட்டின் கடைசிப் பதிவுகளைப் பார்த்தால் போதும்.

ஆனால் வட்டே பழுதானால் குறிப்பேடு உதவாது; மறுபடி எஃப்எஸ்சிகேதான். எனக்கு நடந்ததும் அதுதான். லாஸ்ட்+ஃபவுண்டில் 14 கோப்புகள், எல்லாம் வெறும் எண்கள். ஒன்றில் என் ப்ராஜெக்ட் அறிக்கை பாதி கிடைத்தது. மீதியைத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.